பழவேற்காட்டில் கேட்டு எழுதியவர்

பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயத்துக்குச் செல்லும் நாம், ஊரிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இறாலும் நண்டும் கரை சேரும் இந்த ஏரிக்கரையில் ஐரோப்பா படித்த ஒரு பெரிய நூலுக்கு வித்திடப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அதை எழுதியவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே டச்சுக் கம்பெனியின் போதகராக இருந்தார். நம் திருச்சபையினர் அல்லர். சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். கெல்டிரியா கோட்டையில் இருந்தவர்களுக்கு மறையுரை ஆற்றுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அது போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. பத்மநாபன் என்ற பிராமணரிடம் அமர்ந்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டார். இருவரையும் இணைத்தது போர்த்துக்கேய மொழி! இருவருக்குமே அது தாய்மொழி அல்ல.

ஏளனமாக எழுதியிருந்தால் அன்றைய ஐரோப்பாவில் எளிதாகப் பாராட்டுப் பெற்றிருக்கலாம். நூலின் தலைப்பில் பிற சமயத்தாரைக் குறிக்கும் அக்காலத்துக் கடுஞ்சொல் இருக்கத்தான் செய்கிறது. உள்ளேயோ, பிராமணர் சொன்னது பெரும்பாலும் அவர் சொன்னபடியே நிற்கிறது. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்களில் நீதி, துறவு பற்றிய இரு நூறுகள் இந்நூல் வழியாகவே முதன்முதலில் ஐரோப்பிய மொழி ஒன்றை அடைந்தன.

இந்த உழைப்பை அச்சில் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1642இல் பத்தாவியாவுக்குச் சென்றார். பின் தாயகம் திரும்பி 1649இல் இறந்தார். நூல் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் வந்தது. கேட்டு எழுதியவரின் பெயரோடு, சொல்லிக்கொடுத்த பத்மநாபனின் பெயரும் அதில் இருக்கிறது.