40 ஆண்டு தண்டனை



நெய்வேலிச் சுரங்கத்தில் 20 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவர், 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உழைத்தது எத்தனை ஆண்டு? 40 ஆண்டு. அத்தனை காலமும் சொந்த ஊரையே பார்க்கக் கூடாது என்று ஒருவருக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் கொலை செய்யவில்லை, கொள்ளையடிக்கவில்லை. மேடையில் பேசினார், பேசிய நண்பருக்குத் துணை நின்றார். அவர்தான் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார்.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வக்கீலானார். ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றார். வெள்ளையர் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்துக்குத் துணை நின்றார். ஆங்கில அரசு பொறுக்குமா? அந்த ஆண்டு மார்ச் 12-ல் அவரையும் நண்பர் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

ராஜத் துரோகம் என்று வழக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதற்கு 124-ஏ என்ற பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? வெறும் அபராதம் விதிக்கலாம்; 3 ஆண்டு வரை சிறையில் வைக்கலாம்; ஆயுள் முழுவதும் நாடு கடத்தவும் செய்யலாம். எதைக் கொடுப்பது என்பது நீதிபதியின் கையில் இருந்தது.

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒன்றுக்கு 20 ஆண்டாக மொத்தம் 40 ஆண்டு! சிவாவுக்கோ 10 ஆண்டு. பேசியவரைவிட உடந்தையாக இருந்தவருக்கு இரு மடங்கு! அந்த 40 ஆண்டும் முடிந்திருந்தால் 1948-ல்தான் வ.உ.சி. விடுதலையாகியிருப்பார்.

வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. தண்டனை படிப்படியாகக் குறைந்து, கடைசியில் 6 ஆண்டுக் கடுங்காவல் ஆனது. குற்றச்சாட்டு மாறவில்லை, சட்டப் பிரிவும் மாறவில்லை. 40 மட்டும் 6 ஆனது!

6 ஆண்டு என்றாலும் அது கடுங்காவல். கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். கண்ணூர்ச் சிறையிலும் அடைபட்டார். நன்னடத்தைக் கழிவுகள் போக, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

அத்துடன் தண்டனை முடிந்ததா? இல்லை. அவருடைய கப்பல் கம்பெனி அழிந்திருந்தது. வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் பறிபோயிருந்தது. குடும்பம் வறுமையில் வாடியது. எந்த நீதிபதியும் தம் தீர்ப்பில் எழுதாத தண்டனை இது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தம்மைச் சிறையில் தள்ளிய இனத்திலும் நல்லவர் உண்டு என்று கண்ட உள்ளம் அது.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். நாடு விடுதலை அடைந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துள்ளது. ஆனால் எந்தச் சட்டமானாலும், அதைக் கையில் எடுப்பவர் மனிதர்தான். கோபத்தோடு எடுத்தால் 40. நிதானத்தோடு எடுத்தால் 6. அதனால்தான் ஒரு தீர்ப்பை இன்னொரு நீதிமன்றம் சரிபார்க்கும் வழி இருக்கிறது. உங்களில் சிலர் நாளை வக்கீலாகலாம், நீதிபதியாகலாம். அப்போது இதை நினைவில் வையுங்கள்.

சென்னைக்குச் சென்றால் கிண்டி காந்தி மண்டப வளாகத்துக்கும் போய் வாருங்கள். வ.உ.சி. இழுத்த செக்கு அங்கே இருக்கிறது.