மலையைத் தாளில் அடக்கிய மேதை

புவியியல் பயிலும் எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கணிப்பொறியில் நாம் கையாளும் எண்வழி உயர மாதிரி இரு பரிமாணமா, முப்பரிமாணமா? திரையில் மலை எழுந்து நிற்பதைக் கண்டோர் முப்பரிமாணம் என்பர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். எனக்குச் சான்றாக நான் அழைப்பது ஆங்கிலேயக் கணித மேதை சார்லஸ் ஹட்டனை.

1737-இல் நியூகாசில் நகரில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் தெருச் சண்டையொன்றில் முழங்கை ஊறுபட்டது. அந்தக் கையோடும் 18 வயதளவில் சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டினார். பின்னர் பள்ளி ஆசிரியரானார். 1773-இல் உல்விச் இராணுவக் கல்விக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார்.

1774-இல் வானியலறிஞர் நெவில் மாஸ்கலின், ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே தூக்குக்குண்டு மலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறதென்று அளந்தார். அச்சாய்விலிருந்து பூமியின் அடர்த்தியைக் காண்பது நோக்கம். அதற்கு மலையின் பருமன் தெரியவேண்டும். அந்த மலைப்பான கணக்கு ஹட்டனிடம் வந்தது. தாள் முழுதும் உயர எண்கள் மொய்த்துக் கிடந்தன. சம உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். மலையின் வடிவம் புலனாயிற்று. (நீரின் ஆழம் காட்ட இத்தகைய கோடுகள் முன்பே வழங்கின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தூணாகக் கொண்டு ஈர்ப்பைக் கணித்தார்.

இன்றைய உயர மாதிரியும் இதுவேயன்றோ! ஓர் இடம், ஓர் எண். அதே கட்டங்களில் மழையளவை எழுதினால் மழை மூன்றாம் பரிமாணமாகிவிடுமா? கட்டத்துக்கு ஒரே உயரம் என்பதால் தொங்கு பாறைக்கும் குகைக்கும் அதில் இடமில்லை. இளமையில் ஹட்டன் வியர்வை சிந்திய சுரங்கமும் அதில் தெரியாது. மேலேயுள்ள தரை மட்டுமே தெரியும். இரண்டரைப் பரிமாணம் என்று சமரசம் செய்வாரும் உளர். அந்த அரை எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

ஹட்டனின் விடை 1778-இல் வெளிவந்தது: பூமியின் அடர்த்தி நீரைப்போல் 4.5 மடங்கு. இன்று நாம் அறிந்தது ஏறத்தாழ 5.5. மேற்பரப்பின் உயரங்கள் உள்ளேயிருக்கும் பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாதலால், மலை முழுதும் ஒரே அடர்த்தி என்று அவர் கொள்ள வேண்டியதாயிற்று. ஜான் பிளேஃபேர் அம்மலையின் பாறைகளை ஆராய்ந்து 1811-இல் முடிவை வெளியிட்டபின் விடை சற்று உயர்ந்தது. அப்போது ஹட்டன் எழுபதைக் கடந்திருந்தார். தம் கணக்கின் பெருமை பிறருக்குப் போகிறதே என்னும் மனக்குறை முதுமையில் அவருக்கு இருந்தது. 1823-இல் மறைந்தார்.