முயலின் குடலில் விடை தேடிய சம்புநாத் டே

கல்கத்தாவுக்கு வந்த ஜேர்மன் மருத்துவர் றொபேட் கொக், வாந்திபேதியை உண்டாக்கும் கிருமி எதுவென்று 1884 இல் உறுதிப்படுத்திச் சென்றார். அது மனிதரை எப்படிக் கொல்கிறது என்று தெரிய மேலும் 75 ஆண்டுகள் சென்றன. விடை கண்டவர் அதே நகரத்து மருத்துவர்.

சம்புநாத் டே 1915 இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1949 இல் ஊர் திரும்பினார்.

அதுவரை பலர் விலங்குகளின் இரத்தத்தில் கிருமியை ஏற்றிப் பார்த்துக் களைத்திருந்தார்கள். நோய் குடலில் அல்லவா? டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் நிறைந்து வீங்கியிருந்தது. இது 1953 இல் வெளிவந்தது. 1959 இல் இன்னும் ஒரு படி சென்றார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாமல் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. ஆளைக் கொல்வது கிருமி கக்கும் நஞ்சு என்பது தெளிவாயிற்று. 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. இடையில், 1956 இல், வயிற்றோட்ட நோயாளரிடம் எடுத்த ஈ.கோலை கிருமிகள் சிலவும் முயலின் குடலை இப்படியே வீங்கவைக்கும் என்று காட்டியிருந்தார். அசுத்த உணவாலும் தண்ணீராலும் வரும் வயிற்றோட்டங்களை விளங்கிக்கொள்ள அது வழி திறந்தது.

கணக்காளர்களாகிய எமக்கு இது இலகுவாக விளங்குகிறது. குடற்சுவர் அழிவதில்லை, நீரும் உப்பும்தான் கட்டுமீறிச் செலவாகின்றன. போன அளவைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். இந்த விளக்கத்தோடு வேறு பலரின் ஆய்வுகளும் சேர்ந்து சீனி உப்புக் கரைசலுக்கு இட்டுச் சென்றன. 1971 இல் கிழக்கு வங்காள அகதிகள் நிறைந்திருந்த போங்கான் முகாமில் வைத்தியர் திலீப் மகலனபிஸ் அதைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4 க்கும் கீழே இறங்கியது. ஊரில் நாம் ஜீவனி என்று கரைத்துக் குடித்ததும், ஆல்பனி மருந்துக்கடையில் இன்று பிள்ளைகளுக்கு வாங்குவதும் அதுதான். முகாமில் வயிற்றோட்டம் என்றால் என்னவென்று எம்மில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு உரிய மதிப்பு கிடைத்ததா? இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. நோபல் பெற்ற ஜோசுவா லெடர்பேர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1973 இல் ஓய்வுபெற்றார். 1978 இல் நோபல் மன்றம் வாந்திபேதி பற்றிய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1985 இல் காலமானார். அவருக்காக இந்தியாவின் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது 1990 இல்.