வேலையை விட்ட டிராஃப்ட்ஸ்மேன்



டிராயிங் ஹாலில் கால் கடுக்க நின்று ஷீட் முடிக்கும்போதெல்லாம் நம்மில் பலருக்கு ஒரே நினைப்புதான். டிப்ளமா முடிச்சதும் ரயில்வேயில ஒரு வேலை கிடைச்சா போதும். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் என் அம்மாவின் கனவும் அதுவே. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்படிப்பட்ட வேலை கையில் இருந்தும் அதை விட்டுவிட்டுப் போன ஒருவரின் கதை இது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். சம்பளம் மாதம் 25 ரூபாய். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போகவே, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். விலை சுமார் 2,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பது மாதச் சம்பளம்! வின்சென்ட் பணத்தைப் புரட்டி வாங்கியேவிட்டார். அப்போது வயது 22.

இதைச் சொன்னதும், மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, அந்த ஆளுக்கு என்ன கிறுக்கா என்று கேட்டாள்.

இயேசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய ஊமைப்படம்தான் அவருடைய முதல் மூலதனம். டென்ட் அடித்துக் காட்டினார். தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி ரங்கூனுக்கும் போனார். வழியில் மெஷின் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவது? எல்லாம் தானே பார்க்க வேண்டியதுதான்.

1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். தென்னிந்தியாவில் ஓர் இந்தியர் கட்டிய மிகப் பழைய நிரந்தர தியேட்டர்களில் அது ஒன்று. எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்: தியேட்டருக்கான மின்சாரத்தையும் சொந்தமாக இன்ஜின் வைத்தே எடுத்தார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் மாவு மில்லும்கூட நடத்தினார்.

பேசும்படம் வந்தபோது தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ கிடையாது. அதனால் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து, டி.பி. ராஜலட்சுமி நடிக்க, 1933-ல் 'வள்ளி திருமணம்' எடுத்தார். படம் நன்றாக ஓடியது. பிறகு கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1942-ல் காலமானார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அந்த ஸ்டுடியோவில் உருவானதுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.

வெரைட்டி ஹால் பிறகு டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. ஆனால் அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ரயில்வே பரீட்சைக்கு நானும் விண்ணப்பம் போடத்தான் போறேன். ஃபாரத்துக்கான காசை அம்மா இப்பவே முந்தானையில் முடிஞ்சு வெச்சிருக்காங்க.