நிறத்தைத் தேடிய கண்கள்: ஜான் டால்டன்

அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டனைப் பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் படித்திருப்போம். அவர் எழுதிய முதல் முக்கிய அறிவியல் கட்டுரை அணுவைப் பற்றியது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. அது தம் கண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஈகில்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில், 1766ஆம் ஆண்டு ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார் டால்டன். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் அப்பிரிவினருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழியில்லை. அதனால் டால்டன் பெரும்பாலும் தாமாகவே கற்றார். 12 வயதிலேயே ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

பிறகு கெண்டல் நகரப் பள்ளியில் ஆசிரியரானபோது அவருக்கு நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். சிறு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்த ஜான் காஃப் என்ற அறிஞர்தான் அவர். கணிதமும் மொழிகளும் கற்றுத் தந்த காஃப், நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் ஊட்டினார். 1787இல் தொடங்கிய அந்தக் குறிப்பேட்டை டால்டன் 57 ஆண்டுகள் விடாமல் எழுதினார்.

பூவில் தொடங்கிய கேள்வி

சிறு வயது முதலே நிறங்களின் பெயர்கள் அவரைக் குழப்பின. மற்றவர்கள் இளஞ்சிவப்பு என்று சொன்னது அவருக்கு நீலமாகத் தெரிந்தது. பெயர்களைத் தாம் சரியாகக் கற்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

1792இல் ஒரு நாள் இரவு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜெரானியம் பூ ஒன்றைப் பார்த்தார். பகலில் அவருக்கு வான நீலமாகத் தெரிந்த அந்தப் பூ, இப்போது நீலமே இல்லாமல் சிவப்பாகத் தெரிந்தது. வியந்துபோய் நண்பர்களைக் கேட்டார். பகலானாலும் இரவானாலும் பூவின் நிறம் அவ்வளவாக மாறவில்லை என்றார்கள். அவருடைய அண்ணன் மட்டும் தமக்கும் அப்படியே தெரிவதாகச் சொன்னார். பிசகு பெயரில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது, அதுவும் குடும்பத்தில் வருகிறது என்று டால்டனுக்கு அப்போதுதான் புரிந்தது.

1793இல் மான்செஸ்டரில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், 1794 அக்டோபரில் அந்நகரின் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். சிவப்பு அரக்கும் பச்சை இலையும் தமக்கு ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகின்றன என்றார். இரத்தம்கூடக் கரும்பச்சை போலத் தெரிந்ததாம். வானவில்லில் அவர் தெளிவாகப் பிரித்தறிந்தவை மஞ்சளும் நீலமுமே. நிறக்குருட்டை முறையாக ஆராய்ந்த தொடக்க கால அறிவியல் கட்டுரைகளில் இது முக்கியமானது.

காரணத்தையும் அவரே ஊகித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறம் கொண்டது, அது சிவப்பு ஒளியைத் தடுத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்க உயிருடன் இருக்கும்போது வழியில்லை. அதனால் தாம் இறந்த பிறகு கண்களை எடுத்துச் சோதிக்கச் சொல்லிவைத்தார்.

புகழும் எளிமையும்

அதன் பிறகே அவர் அணுவின் பக்கம் திரும்பினார். தனிமங்கள் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்ற அவருடைய கொள்கை 1808இல் நூலாக வந்தது. உலகப் புகழ் வந்த பின்னும் அவர் மணம் செய்துகொள்ளாமல், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தே எளிமையாக வாழ்ந்தார்.

முன்பு கதவை மூடிய ஆக்ஸ்ஃபோர்டு, 1832இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் தந்தது. 1834இல் மன்னரைக் காணச் சென்றபோது அந்தப் பட்டத்துக்குரிய செக்கச்சிவந்த அங்கியை அணிந்தார். குவேக்கர்கள் பளிச்சென்ற நிறங்களை உடுத்துவதில்லை. ஆனால் டால்டன் கண்ணுக்கு அது இலைகளின் பச்சையாகவே தெரிந்ததாம்!

1844 ஜூலை 26 இரவு, நடுங்கும் கையால் வானிலைக் குறிப்பை எழுதினார். மறுநாள் உயிர் பிரிந்தது.

இறந்த பின் கிடைத்த விடை

அவருடைய மருத்துவர் ஜோசப் ரேன்சம் சொன்னபடியே கண்களைச் சோதித்தார். ஒரு கண்ணின் நீர்மத்தைச் சிறு கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பார்த்தார். நீலம் இல்லை, தெளிவாக இருந்தது. இன்னொரு கண்ணின் பின்புறத்தில் துளையிட்டு, அதன் வழியாகச் சிவப்பு, பச்சைப் பொருள்களைப் பார்த்தார். நிறம் மாறவில்லை. டால்டனின் ஊகம் தவறு என்று தெரிந்தது. ஆனாலும் கண்கள் மான்செஸ்டரில் பத்திரமாக வைக்கப்பட்டன.

உண்மைக் காரணம் விழித்திரையில் இருக்கிறது. அங்கே நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்பு அணுக்கள் உள்ளன. அவை முறையே நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீள ஒளியை அதிகமாக உணர்கின்றன. அவற்றிலிருந்து வரும் சமிக்ஞைகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகிறது. ஒரு வகை இல்லாவிட்டால் அந்த ஒப்பீடு பிசகும்; சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலாகும். இளஞ்சிவப்புப் பூ சிவப்பு ஒளியோடு நீல ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீல ஒளி மிகக் குறைவு. அதனால்தான் டால்டனுக்கு இரவில் பூ நிறம் மாறியது.

1995இல் விஞ்ஞானிகள் அந்தக் கண்களிலிருந்து மரபணுவை எடுத்துச் சோதித்தார்கள். நடுத்தர அலைநீளத்தை உணரும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்று தெரிந்தது. 150 ஆண்டுகள் கழித்து அவர் கேட்ட கேள்விக்கு அவர் கண்களே பதில் சொல்லிவிட்டன.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு அது ஒன்றுதான் என்பதால் இக்குறை ஆண் பிள்ளைகளிடமே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் இது உண்டு. நம் சமூகத்திலும் இருக்கிறது.

உங்கள் பிள்ளை இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினால் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனைக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விமானி போன்ற சில பணிகளுக்கு நிறப் பார்வை முக்கியம் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. டால்டனுக்கே தம் குறை 26 வயதில்தான் தெரிந்தது.