ஒர்க் ஃப்ரம் ஹோம் ரூல்ஸை யார் போடுவது? 1954-லேயே மல்லுக்கட்டிய வி.வி.கிரி!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் ரூம் போட்டு லேப்டாப்பைத் திறந்தாச்சு. மழையில் கரண்ட் போய், கூடவே வைஃபையும் போனால் அந்த 2 மணி நேரம் லீவா, வேலையா? நெட் செலவு யார் தலையில்?

2020 கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நியமன நிபந்தனைக்கு அல்லது நிறுவனமும் தொழிலாளரும் செய்யும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. சிம்பிளாகச் சொன்னால், பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இந்தப் ‘பேசித் தீர்ப்பது’ என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர், முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி.

1894-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். டப்ளினில் சட்டம் படிக்கப் போய், அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தில் ஈர்க்கப்பட்டு 1916-ல் ஊர் திரும்பினார். ரயில்வே தொழிற்சங்கம்தான் அவரை வளர்த்தது. ஆட்குறைப்புக்கு எதிராக 1928-ல் நடந்த பெங்கால் நாக்பூர் ரயில்வே போராட்டத்தில் முன்னணியில் நின்றார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. ராஜாஜி அதற்கு முன்பே சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்.

1952-ல் நேரு அமைச்சரவையிலும் அதே துறை. அப்போது தகராறு வந்தால், அரசே அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிடலாம். கிரிக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு தரப்பும் வக்கீலைத் தேடி ஓடும், பேசுகிற பழக்கமே போயிடும், சங்கமும் வளராது என்பது அவர் வாதம். ‘கிரி அணுகுமுறை’ என்று பெயர் வந்ததே தவிர, சட்டமாகவில்லை. பலவீனமான சங்கம் பேரத்தில் தோற்கும் என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஏற்காடு காபி எஸ்டேட்டையே பாருங்க. அங்கே லைன் வீடே முதலாளியுடையது. அவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுவது லேசா? அதனால்தான் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகத்தைப் பேரத்துக்கு விடாமல் நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது அமலுக்கு வந்தது 1954 ஏப்ரலில், கிரி அமைச்சராக இருந்தபோது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்தார். வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த சலுகைகளை அரசு குறைத்ததுதான் காரணம். தீர்ப்பாயமே வேண்டாம் என்றவர், தீர்ப்பு வந்தபின் அதில் அரசு கை வைக்கக் கூடாது என்பதற்காகப் பதவியை விட்டார். 1955-ல் வந்த சட்டம் அதில் பெரும்பகுதியை ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு ஆளுநர், துணைக் குடியரசுத் தலைவர், 1969-ல் குடியரசுத் தலைவர். 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார். நொய்டாவின் தேசிய தொழிலாளர் நிறுவனம் இப்போது அவர் பெயரில்தான் இயங்குகிறது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 51 சதவீத ஊழியர்களின் ஆதரவுள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் சங்கம். சங்கமே இல்லாத ஐ.டி. கம்பெனியில் ஊழியர் தரப்பில் உட்கார ஆளில்லை. அங்கே ஒர்க் ஃப்ரம் ஹோம் பற்றி ஆஃபர் லெட்டரில் என்ன இருக்கோ, அதுதான் கணக்கு.