உதவித்தொகையை உரிமையாக்கிய அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வரலாறு கடலினும் பெரிது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் கல்விப் பணிக்கென்றே தோன்றியது; ஆதலின், ஏழை மாணவர்க்கு உயர்கல்லூரியின் வாயிலை அவர் திறந்த வரலாற்றை மட்டும் ஈண்டு நினைவுகூர்வோம்.

1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த அவர், 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரிச் செலவைத் தாங்கும் ஆற்றல் தந்தையார் இராம்ஜிக்கு இல்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் திங்கள்தோறும் அளித்த 25 ரூபாயே அவரைப் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் நிலைநிறுத்தியது. 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு, அம்மன்னரின் உதவியாலேயே நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பயின்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917-இல் இலண்டன் படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்றபோது, தங்கியிருந்த விடுதியினின்றும் சாதியின் பெயரால் வெளியேற்றப்பட்டார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

ஒரு மன்னரின் கருணை ஒருவரை உயர்த்தியது. அக்கருணை கிட்டாத ஆயிரக்கணக்கானோரின் நிலை என்ன? இவ்வினாவிற்கு அண்ணல் செயலால் விடை கண்டார். 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசே பொருள் ஒதுக்கவேண்டுமென வாதாடினார். 1944-இல் மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் அக்கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. பகலில் உழைத்துப் பிழைக்கும் இளைஞரும் பயிலும்வண்ணம் அங்குக் காலை வகுப்புகள் நடைபெற்றன.

மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் சென்னை மாநிலம் கடைப்பிடித்த வகுப்புவாரி ஆணை செல்லாதென 1951-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியது. சட்ட அமைச்சராயிருந்த அண்ணல் அதனை நாடாளுமன்றத்தில் ஆதரித்து வாதிட்டார். 15(4) என்னும் அவ்விதியின் துணையால் நம் பிள்ளைகள் இன்று அக்கல்லூரிகளில் இடம் பெறுகின்றனர்.

இளைஞர்களே! அவ்விடம் பிச்சையன்று, உரிமை. விண்ணப்பம் எழுதத் தெரியாமையாலும், கட்டணத்திற்கு அஞ்சியும் அதனை இழத்தல் தகாது. பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் தெருவின் பிள்ளை ஒருவரையேனும் கைப்பிடித்துக் கல்லூரியில் சேர்ப்பிப்போமாக! 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.